நான் கான்ட்ராக்ட் இல்லை என்று டிக் அடித்தேன்

1

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் என் தங்கை ஷமீம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். மூன்று வார லீவில் வந்து, இன்னும் நான்கு நாளில் கிளம்பப் போகிறேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு எழுதிவிட்டுத்தான் பெட்டி கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வெட்கமான விஷயம்தான். ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஆயுசு முழுக்க வர வேண்டிய பென்ஷனை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். அது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

2

முதலில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் கஞ்சன் என்று என் மனைவி நூர்ஜஹான் சொல்வாள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. விசாரித்துச் செலவு செய்கிறவன், அவ்வளவுதான். கடையில் ரொட்டி வாங்கினால் எந்த நாளில் எந்த நேரத்தில் விலை குறைத்து ஒட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் ரொட்டி தீரும்.

அங்கே ஒவ்வொரு கம்பெனியில் வேலை செய்யும்போதும் ஒரு பென்ஷன் கணக்கு தொடங்குவார்கள். வேலையை விட்டாலும் கணக்கு அங்கேயே கிடக்கும். எனக்கு அப்படி நான்கு கணக்குகள் இருந்தன. சும்மா கிடக்கும் பணத்திலிருந்து வருடா வருடம் கட்டணம் என்று சத்தமில்லாமல் உருவிக்கொண்டே இருப்பார்கள். ஐம்பத்தாறு வயதில் ஒரு நாள் நான்கு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் குறைந்த கட்டணம் வாங்குகிற ஒரே இடத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கென்று இணையத்திலேயே நடக்கிற பென்ஷன் கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்று மொத்தப் பணத்தில் சதவீதம் எடுக்கும். இன்னொன்று பணம் எவ்வளவு இருந்தாலும் மாதம் இவ்வளவு என்று வாங்கும். தொகை சிறியதாக இருந்தால் முதல் வகை லாபம், பெருகப் பெருக இரண்டாவது வகை லாபம். எந்த வருடத்தில் எது எதை முந்தும் என்று மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டேன். மூன்று மாதம் ஓடியது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ விசாரிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் நூர்ஜஹான்.

"அப்ப கேஷ்பேக் இல்லியே" என்றேன். அன்று எனக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் கேஷ்பேக்தான் விஷயமே. நான் தேர்ந்தெடுத்த கம்பெனி ஒரு சலுகை அறிவித்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பித்து, பழைய பென்ஷனை அவர்களிடம் மாற்றினால் கையில் ரொக்கம். மாற்றுகிற தொகை கூடக் கூட, படிப்படியாக அந்த ரொக்கமும் கூடும். ஒரு வருடம் பணத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. சலுகை வரும் என்று எனக்கு முன்பே தெரியும். வருடா வருடம் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அறிவிப்பார்கள். அதற்காகவே விண்ணப்பத்தை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருந்தேன்.

மூன்று கணக்குகளைக் கூட்டினேன். அடுத்த படியைத் தொட ஒரு விரற்கடை குறைந்தது. மனசு கேட்கவில்லை. அப்போதுதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த நான்காவது கணக்கைக் கையில் எடுத்தேன். நான் அந்த நாட்டுக்குப் போன புதிதில் எட்டு வருடம் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலையின் பென்ஷன். சின்னத் தொகைதான். பெரிய தொகையாக இருந்தால் ஆலோசகரிடம் காட்டிக் கையெழுத்து வாங்காமல் மாற்ற விடமாட்டார்கள். இது அந்த வரம்புக்குக் கீழே இருந்தது. ஆலோசகருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்.

3

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்த வேலையில் நீங்கள் 'கான்ட்ராக்டட் அவுட்' ஆக இருந்தீர்களா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள்.

மந்தாரக்குப்பத்தில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனெண்ட், கான்ட்ராக்ட். பெர்மனெண்ட்டுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மரம், பெரிய ஆஸ்பத்திரி. கான்ட்ராக்ட்டுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. என் அத்தா இருபத்தேழு வருடம் கான்ட்ராக்ட். சுரங்கத்திலிருந்து கரி ஏறி வரும் பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளிப் போடுகிற வேலை. கான்ட்ராக்டர் மாறுவார், அத்தாவின் கேட் பாஸ் மாறும், பெல்ட் மாறாது. பக்கத்து பெல்ட்டில் அதே மண்வெட்டியோடு நின்ற பெர்மனெண்ட்காரருக்குச் சம்பளம் வேறு. பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். எனக்கு ஐ.டி.ஐ. முடித்ததும் வந்த முதல் வரன் "பையன் கான்ட்ராக்ட்டா?" என்ற கேள்வியோடு நின்றுபோனது.

துபாய்க்குப் போய், அங்கிருந்து ஒரு ஏஜென்சி மூலமாக லெஸ்டருக்கு ஃபிட்டர் வேலைக்குப் போனேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு அந்த ரொட்டித் தொழிற்சாலையில் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். அந்தக் கடிதத்தை நகல் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அதில் இருந்த 'பெர்மனெண்ட்' என்ற வார்த்தையை யாரிடமோ காட்டச் சொல்லி, அதன் அடியில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். டீக்கடையில் "எம்பையன் லண்டன்ல பெர்மனெண்ட்டு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்று ஷமீம் எழுதினாள். லெஸ்டர் லண்டன் இல்லை என்று நான் திருத்தவில்லை.

அப்படிப்பட்டவன் அந்தக் கட்டங்களைப் பார்த்தால் என்ன செய்வான்? வெளியிலிருந்து கான்ட்ராக்ட்டில் எடுக்கப்பட்டவரா என்று கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன். ரொட்டித் தொழிற்சாலையின் பென்ஷன் அலுவலகம் அனுப்பிய தடித்த கடிதக்கட்டில், படிக்காமலே, மஞ்சள் அம்புக்குறி ஒட்டியிருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் ஊருக்கு விமானம் ஏறினேன்.

4

போன வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. அங்கே காலை ஏழரை. மகள் நிலோஃபருக்கு போன் போட்டேன். அவளுக்கு இருபத்து நான்கு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஏதாவது வேலை ஆக வேண்டும் என்றால் மட்டும் தமிழில் தொடங்குவாள். எங்கள் வீட்டில் அது நெடுநாள் வழக்கம்.

"கேஷ்பேக் லெட்டர் வந்துச்சாமா?"

"லெட்டர்லாம் மாடிப்படில இருக்கு அத்தா. நான் பாக்கல."

"எத்தனை நாளாப் பாக்கல?"

"யாரு இப்ப லெட்டர் பாக்கறா?"

ஒன்பது நாள் கடிதங்கள் படியில் கிடந்திருக்கின்றன. இங்கிலீஷ் கடிதம் என்றால் நூர்ஜஹானும் தொடமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னேன். தண்ணீர் பில், பிட்சா விளம்பரம், கண் ஆஸ்பத்திரி. பிறகு ஒரு கடிதம் பிரியும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் பக்கங்கள் புரண்டுகொண்டே இருந்தன.

"என்னாமா?"

"அத்தா, ரொட்டி ஃபேக்டரி பென்ஷன்காரங்க. இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பணத்தை மாத்தறாங்களாம்."

"நல்லதுதானே."

"இல்ல. கேளுங்க." அவள் மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் தமிழில் பேசி வருடக்கணக்காகிறது. "உங்களுக்கு அறுபத்தஞ்சு வயசுலேர்ந்து, சாகற வரைக்கும் மாசா மாசம் பென்ஷன் உண்டாம். விலைவாசி ஏறினா அதுவும் ஏறுமாம். நீங்க போயிட்டா அம்மாவுக்குப் பாதி, அவங்க இருக்கற வரைக்கும். பணத்தை மாத்திட்டா இது எதுவும் கிடையாது. திரும்பக் கேக்க முடியாது. நீங்க கான்ட்ராக்டட் அவுட்னு எங்க ரெக்கார்டுல இருக்குன்னு போட்டிருக்கு. நீங்க 'நோ'ன்னு டிக் பண்ணீங்களா?"

"நான் கான்ட்ராக்ட் இல்லியேமா. பெர்மனெண்ட்."

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை.

"அதுக்கு அந்த அர்த்தம் இல்ல அத்தா" என்றாள்.

அவள் தேடிப் படித்துச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அரசாங்கம் கொடுக்கும் பென்ஷனில் கூடுதலாக ஒரு பகுதி உண்டு. சில கம்பெனிகள், எங்கள் தொழிலாளிகளுக்கு அது வேண்டாம், அதற்குப் பதிலாக நாங்களே ஆயுசுக்கும் பென்ஷன் தருகிறோம் என்று பொறுப்பு ஏற்றுக்கொண்டன. அப்படி அரசாங்கத் திட்டத்திலிருந்து விலக்கி, கம்பெனி தன் தலையில் எடுத்துக்கொண்ட ஆளுக்குத்தான் 'கான்ட்ராக்டட் அவுட்' என்று பெயர். அதாவது, எங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் பெர்மனெண்ட்டிலும் பெர்மனெண்ட். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயத்தை, கேவலம் என்று நினைத்து இல்லை என்றிருக்கிறேன். 'ஆம்' என்று அடித்திருந்தால் புதுக் கம்பெனி அங்கேயே நிறுத்தி விசாரித்திருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் நிலோஃபர். "நீங்க யாரையும் கேக்கவே மாட்டீங்க."

நூர்ஜஹான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கென்று சொல்லிக்கொள்கிற மாதிரிப் பென்ஷன் கிடையாது. எனக்குப் பின் அவளுக்கு வர வேண்டிய பாதியையும் சேர்த்துத்தான் நான் ஒரு படி கேஷ்பேக்குக்கு விற்றிருக்கிறேன்.

5

பென்ஷன் அலுவலகம் திறப்பது அங்கே ஒன்பது மணிக்கு. இங்கே ஒன்றரை. பணம் போவது இங்கே நாலரை மணிக்கு. கையெழுத்துப் போட்ட ஆளே பேச வேண்டும், மகள் பேசினால் செல்லாது என்று கடிதத்திலேயே இருந்தது.

இங்கே ஷமீமோடு இருக்கிற என் அத்தா ஜும்மாவுக்குக் கிளம்பி வந்து நின்றார். எண்பத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை, அத்தர். "கெளம்பு, பாங்கு சொல்லிட்டான்" என்றார்.

"எனக்கு ஒரு போன் வரணும் அத்தா. நீங்க போங்க."

"வெள்ளிக்கெழம அதுவுமா என்னா போனு?"

"ஆபீஸ் போனு."

ஆபீஸ் என்றால் அத்தா மேலே கேட்கமாட்டார். கேட் பாஸ் கையில் இருந்த காலத்திலிருந்தே அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரருடன் நடந்து போனார். ஊரே தொழுகையில் இருக்கும்போது நான் மட்டும் செல்போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுடச்சுட பிரியாணியைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டுப் போனாள் ஷமீம்.

ஒன்றரைக்கு அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். பியானோ இசை. மறுபடியும் முக்கியம். மறுபடியும் பியானோ. இருபத்தைந்து நிமிடம். "குட் மார்னிங்" என்று ஒரு பெண் குரல் வந்த அடுத்த நொடி போன் செத்துப்போனது.

சிக்னல் இல்லை என்று நினைத்து மொட்டை மாடிக்கு ஓடினேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. பிறகுதான் குறுஞ்செய்தி வந்தது. வெளிநாட்டில் என் இங்கிலாந்து நம்பரிலிருந்து பேசுவதற்கு நான் வைத்திருந்த செலவு வரம்பு முடிந்துவிட்டதாம். அந்த வரம்பை வைத்தது யார்? நான்தான். விமானம் ஏறும் முன் இருப்பதிலேயே குறைந்ததாகப் பார்த்து வைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஷமீமின் போனிலிருந்து நிலோஃபரை அழைத்தேன். அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். வீட்டில்தான் இருந்தாள்.

"லீவு போட்டுட்டேன். உங்க பாஸ்வேர்டு என்னா, வரம்பை நான் எடுத்துவிடறேன்."

பாஸ்வேர்டைச் சொன்னேன். அது அவள் பிறந்த தேதியோடு சேர்ந்த அவள் பெயர். "இது ரொம்ப ஈசியான பாஸ்வேர்டு அத்தா, மாத்துங்க" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கும் அழுகை வருவது போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டே கால் மணிக்கு மறுபடி பியானோ. இதற்குள் அத்தா தொழுகை முடிந்து வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சாப்பிடவில்லை என்பதால் அவரும் தட்டைத் தொடவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் நான் எழுந்து போகவும் இல்லை. அதுதான் இந்த விஷயத்தில் நான் செய்த அடுத்த தப்பு.

மூன்று மணி தாண்டி ஒரு பெண் கிடைத்தாள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, வேலையில் சேர்ந்த மாதம் எல்லாம் கேட்டாள். சொன்னேன். மாற்றத்தை நிறுத்த வேண்டும் என்றேன். காரணம் கேட்டாள். விண்ணப்பத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். என்ன தப்பு என்றாள். இந்த அழைப்பு பதிவாகிறது, நீங்களே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றாள்.

நான் கான்ட்ராக்டட் அவுட் ஆக இருந்தேன் என்றேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள்.

"ஐ வாஸ் கான்ட்ராக்டட் அவுட்."

லைன் கரகரக்கிறது, இன்னொரு முறை என்றாள்.

"எஸ், கான்ட்ராக்டட்!" என்று கத்தினேன். "ஐ வாஸ் கான்ட்ராக்டட்! எட்டு இயர்ஸ்! ஃபுல்லா கான்ட்ராக்டட்!"

கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பியானோ. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. பிறகு வந்தாள். நிறுத்தியாகிவிட்டது, உங்கள் பென்ஷன் பழையபடி எங்களிடமே இருக்கும், உறுதிசெய்து கடிதம் வரும் என்றாள். மூன்று தடவை தேங்க்யூ சொன்னேன். அடுத்த படியின் கேஷ்பேக் போனது போனதுதான். இருக்கிற மூன்று கணக்குகளுக்கு உள்ளதே போதும் என்று முதன்முறையாக மனசாரத் தோன்றியது.

6

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கப் போனவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"நீயும் கான்ட்ராக்ட்டாடா?" என்றார்.

"அய்யோ, இல்ல அத்தா."

"நீயேதான சொன்ன? எட்டு வருசம்னு கத்திக்கினு இருந்தியே."

"அது வேற கான்ட்ராக்ட் அத்தா. நம்ம ஊரு கான்ட்ராக்ட் இல்ல."

"அங்ககூடவா வச்சிகினு இருக்கானுங்க இத்த?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

உட்கார்ந்து விளக்கினேன். அரசாங்கப் பென்ஷன் ஒன்று, கம்பெனிப் பென்ஷன் ஒன்று. அதிலிருந்து எடுத்து இதில் போடுவது. பெயர்தான் அப்படி, உண்மையில் அது பெர்மனெண்ட்டுக்கு மேலே. விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். ஷமீமும் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள். அவளுக்குப் பாதி புரிந்தது. அத்தா குறுக்கே பேசாமல், தலையை ஆட்டிக்கொண்டு, கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். இப்படிப் பொறுமையாகக் கேட்டு அவருக்கு நல்ல பழக்கம். நான் சொல்லி முடித்தேன்.

"சரிப்பா" என்றார். "எங்கிட்டயும் அப்டித்தான் சொல்லுவானுங்க. பேருக்குத்தான் கான்ட்ராக்ட்டு, அடுத்த பெர்மனெண்ட் லிஸ்ட்டுல வந்துடும், ஒனக்கு எல்லாமே உண்டும்பானுங்க."

"அத்தா, நெசமாவே..."

"சரி சரி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." ஷமீம் பக்கம் திரும்பினார். "நீயும் சொல்லாத. டீக்கடையில கேட்டா பெர்மனெண்ட்டுன்னே சொல்லு."

பிறகு எழுந்து வந்து, ஆறிப்போயிருந்த என் தட்டை எடுத்து ஷமீமிடம் நீட்டினார்.

"இத்த எடுத்துப் போயி சூடா வேற போட்டுக்கினு வா. கறியும் வையி. சாப்பாட்டு நேரத்த வுட்டுட்டா கான்ட்ராக்ட்டுக்காரன சாப்டியான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஷமீம் சூடாக வைத்துக் கொண்டுவந்தாள். அத்தா எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பெர்மனெண்ட் என்று மறுபடி சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.